செங்கல் இன்றி எழுந்தது. ஆசான் இன்றி எழவில்லை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தோர் மண்டகப்பட்டு என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டிருக்கக்கூடும். வயல்களுக்கும் பாறைக் குன்றுகளுக்கும் நடுவே அமைந்த எளிய சிற்றூர் அது. அங்கே ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து செய்த சிறிய கோயில் ஒன்று இருக்கிறது. முன்னே தடித்த தூண்கள். இருபுறமும் மாடங்களில் வாயிற்காவலர் இருவர். பின்சுவரில் வெறுமையாய் நிற்கும் மூன்று அறைகள். அவ்வளவே. பார்த்து முடிக்கக் கால்மணி நேரம் போதும். ஆயினும், தமிழகக் கலை வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் இவ்விடத்தைத் தொடாமல் செல்வதில்லை.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இது. நான்முகன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் செங்கல் இன்றி, மரம் இன்றி, உலோகம் இன்றி, சுதை இன்றி இதனை ஆக்கினான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனுடைய விருதுப் பெயர்களுள் ஒன்று. ஓவியருள் புலி எனப் பொருள்படும் 'சித்திரகாரப்புலி' என்பது மற்றொன்று. 'மத்தவிலாசம்' என்னும் நகைச்சுவை நாடகத்தையும் அவன் எழுதினான். நாடாண்ட மன்னன் தன்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்வதைப் பெருமையாக எண்ணிய காலம் அது.

கத்தோலிக்கக் குடும்பங்கள் படிக்கும் ஏட்டில் பல்லவன் கோயிலுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவலாம். அக்கல்வெட்டின் பொருளை எனக்கு முதன்முதலில் எடுத்துரைத்தவர் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். அவரையும், அவரிடம் பயின்ற ஒரு மாணவனையும், அவ்விருவர்க்கும் நான் செய்த ஒரு தவற்றையும் பற்றியதே இக்கட்டுரை. முதுமையில் மனிதனுக்கு மிஞ்சுவது நினைவு. அந்நினைவில் ஒன்று முள்ளாய் உறுத்தினால் அதை மறைத்து வைப்பதைவிடச் சொல்லிவிடுவதே நன்று.

பாறைக்கு முன் ஒரு வகுப்பு

கிராமத்து நிதியுதவி நடுநிலைப்பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியராக இருந்தேன். பெற்றோருள் பெரும்பாலோர் கரும்பு வெட்டும் கூலிகள். ஓவிய ஆசிரியர் மெலிந்த உடலினர், அதிகம் பேசாதவர். வண்ணப்பெட்டி வாங்க இயலாத பிள்ளைகளுக்கு அடுப்புக்கரியையும் செங்கல் தூளையும் மஞ்சளையும் கொண்டு வண்ணம் தீட்டக் கற்பித்தார். சிமெண்டுப் பைகளின் பழுப்புத் தாளை விரித்துக் காயவைத்துப் படத்தாளாக்கினார். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் கோயிலில் குடில் அமைக்கும்போது, பின்புறத்துப் பெத்லகேம் மலைகளும் விண்மீன்களும் அவருடைய மாணவர்களின் கைவண்ணமாகவே இருக்கும்.

1993-ஆம் ஆண்டில் ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை மண்டகப்பட்டுக்கு அழைத்துச் சென்றோம். நான் கல்வெட்டையும் காலத்தையும் சொல்லிவிட்டுத் திரும்பலாம் என்றிருந்தேன். அவரோ பிள்ளைகளை வாயிற்காவலர் சிலைகளுக்கு எதிரே அமரவைத்து, ஆளுக்கொரு கரித்துண்டைக் கொடுத்தார். "முகத்தை முதலில் வரையாதீர்கள். அவர் தம் உடலின் பாரத்தை எந்தக் காலில் தாங்குகிறார் என்று பாருங்கள். அது தெரிந்தால் மற்றவை தாமே வரும்" என்றார். அன்றுவரை அச்சிலைகளைப் பலமுறை பார்த்திருந்த எனக்கு, அவை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். எழுத்தில் மிகவும் பின்தங்கியவன். வாய்ப்பாடு நாவில் நில்லாது. அறுவடைக் காலத்தில் பெற்றோருடன் கரும்புக் கொல்லைக்குப் போய்விடுவான். ஆனால், ஓவிய வகுப்பு நடக்கும் செவ்வாய், வெள்ளி இரு நாளும் தவறாமல் வந்து நிற்பான். அன்று மற்றவர்கள் எழுந்து விளையாடப் போன பின்பும் அவன் எழவில்லை. அவன் வரைந்த தாளை ஆசிரியர் என்னிடம் காட்டினார். கோடுகள் கோணலாகவே இருந்தன. எனினும் அந்தக் காவலர் தம் எடையோடு நின்றுகொண்டிருந்தார்.

நிரப்பப்படாத இடம்

1994-இல் அவ்வாசிரியர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்தை நிரப்ப ஒப்புதல் வேண்டி மேலிடத்திற்கு எழுதினேன். நிதி நெருக்கடி, பிறகு பார்க்கலாம் என்று விடை வந்தது. மறுபடி எழுதினேன், விடை இல்லை. மூன்றாம் முறை நான் எழுதவில்லை.

மேலிடத்தை மட்டும் குறை கூறி நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. உண்மை யாதெனில், அந்த இடம் காலியானதில் எனக்குள் ஓர் ஆறுதலும் இருந்தது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் எங்கள் பிள்ளைகள் பின்தங்கியிருந்தனர். வாரத்திற்கு இரண்டு பாடவேளைகள் கையில் கிடைத்தன. அவற்றைக் கணக்கிற்குக் கொடுத்தேன். பெற்றோர் கூட்டத்தில் அறிவித்தபோது கைதட்டினார்கள். ஓவியம் சோறு போடுமா என்று ஒருவர் கேட்டார், நானும் சிரித்தேன். ஓவிய வகுப்பு எங்கே போயிற்று என்று ஒருவரேனும் வந்து கேட்கவில்லை. படப்பலகைகளை அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாண்டு கழித்துத் திறந்தபோது கரையான் தின்றது போக மிச்சம் சிறிதே இருந்தது.

அச்சிறுவன் எட்டாம் வகுப்பின் நடுவில் நின்றுவிட்டான். ஆண்டுதோறும் சிலர் அவ்வாறு நிற்பது வழக்கம். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அவன் பெயரை அடித்தவன் நான்தான்.

ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், என் வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த மூவருள் ஒருவனாக அவனை மீண்டும் கண்டேன். அவனே என்னை அடையாளம் கண்டு வணங்கினான். நண்பகலில் மற்றவர்கள் உண்ணச் சென்றிருந்தார்கள். நான் தற்செயலாகப் பின்கட்டுக்குப் போனேன். நீலம் தோய்ந்த தூரிகையின் நுனியால் சுவரில் ஒரு கொக்கை அவன் வரைந்துகொண்டிருந்தான். ஐந்தாறு கோடுகள்தாம், ஒற்றைக் காலில் எடை தாங்கி நிற்கும் கொக்கு. என்னைக் கண்டதும் சட்டென்று சுண்ணாம்பை அதன்மேல் இழுத்துவிட்டான்.

"ஏனப்பா அழித்துவிட்டாய்? நன்றாக இருந்ததே!" என்றேன்.

"சுவருக்குத்தானே சார் கூலி? படத்துக்கு இல்லையே" என்று சிரித்தான். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "ஓவிய வகுப்பு நின்ற பிறகு பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன சார் இருந்தது? அந்த இரண்டு நாளும் நானும் ஒரு பிள்ளை. மற்ற நாளெல்லாம் மக்கு" என்றான்.

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதுபோலச் சொன்னான். அதுவே என்னை மிகவும் சுட்டது.

கணக்கேடு காட்டும் செய்தி

என் பள்ளியில் நடந்தது நாடெங்கும் நடப்பதே. பணம் குறையும்போது பள்ளியில் முதலில் கத்தரிக்கப்படுவது எது? கணக்கு அன்று, அறிவியல் அன்று. ஓவியமும் இசையும் தையலும் தோட்டவேலையுமே. செல்வம் மிக்க மேலை நாடுகளிலும் பள்ளிகளின் வரவுசெலவு இளைக்கும்போது இசை வகுப்புகளும் ஓவிய வகுப்புகளுமே முதலில் மூடப்படுகின்றன.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கலைக்கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், தொழிற்கல்வி ஆகிய மூன்றுக்கும் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. வரவேற்கத்தக்க விதியே. ஆனால், அது பகுதிநேரப் பயிற்றுநரையே குறிக்கிறது. அதுவும் பிள்ளைகள் 100-க்கு மேற்பட்ட பள்ளிக்கு மட்டும். நம் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றில் மூன்று வகுப்பும் சேர்ந்து அறுபது, எழுபது பிள்ளைகள் இருப்பதே அரிது. ஆகவே, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் வண்ணப்பெட்டியும் ஆர்மோனியமும் இல்லையோ, அந்தப் பிள்ளைக்குப் பள்ளியிலும் அவற்றைக் கேட்கும் உரிமை கிட்டாமற் போகிறது.

இவ்விதியை ஒட்டித் தமிழக அரசு 2012-இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை அமர்த்தியது. ஓவியம், இசை, தையல், தோட்டக்கலை, உடற்கல்வி, கணினி எனப் பல துறையினர். வாரத்திற்கு மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் ஊதியம். அது சிறுகச் சிறுக உயர்ந்து 2021-இல் 10,000 ரூபாயாகவும், 2024-இல் 12,500 ரூபாயாகவும் ஆயிற்று. பல ஆண்டுகள் மே மாதத்திற்கு ஊதியமே இல்லாதிருந்தது. கோடை விடுமுறையில் ஆசிரியர் வயிற்றுக்கும் விடுமுறை போலும்! எனக்குத் தெரிந்த ஓவிய ஆசிரியை ஒருவர் அம்மாதம் முழுதும் தையல் பொறியில் அமர்ந்து அடுத்தவர் சட்டைக்குப் பொத்தான் தைப்பார். பணி நிரந்தரம் கேட்டு இவர்கள் பலமுறை சென்னையில் போராடினார்கள். சிலர் இறந்தும், சிலர் விலகியும், இன்று எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 12,000 பேரே.

இவ்வாசிரியர்களின் ஊதியம் வந்தது மத்திய, மாநில அரசுகள் பங்கிட்டுக்கொள்ளும் கல்வித் திட்ட நிதியிலிருந்து. 2024-25-ஆம் ஆண்டிற்கு அந்நிதியில் தனக்கு உரிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை என்று தமிழக அரசு முறையிட்டது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தையும் நாடியது. அவ்வழக்கில் நியாயம் எப்பக்கம் என்று தீர்ப்பது இவ்வேட்டின் வேலையன்று. யானைகள் இரண்டு மோதுகையில் மிதிபடும் புல் எது என்பதைச் சுட்டுவதே நம் கடமை.

2022 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்குக் கலைத்திருவிழா நடைபெறுகிறது. ஏழைப் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு பெறுவதைக் கண்டு மகிழாதார் யார்? எனினும், ஆண்டு முழுதும் ஞாயிறு திருப்பலிக்கு வராதவர் தேர்பவனிக்கு மட்டும் வந்து தோள் கொடுப்பதை நாம் பங்குகளில் பார்க்கிறோம் அல்லவா? வாராவாரம் வகுப்பு இல்லாத பள்ளியில் ஆண்டுக்கொரு கலைவிழாவும் அதைப் போன்றதே. வீட்டில் தனியே பயிற்சி பெற்ற பிள்ளை பரிசு பெறும். கரித்துண்டுக்காகக் காத்திருந்த பிள்ளை கைதட்டிவிட்டு வீடு திரும்பும்.

வறுமையில் கலை வளராதா?

இவ்வாறு பேசும்போதெல்லாம் நண்பர் சிலர் மறுப்பார்கள். "உண்மையான கலைஞன் வறுமையிலும் வளர்வான். உம்முடைய மண்டகப்பட்டே சாட்சி! செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, கோயில் எழவில்லையா?" என்பார்கள். நெடுநாள் இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. அந்த வாதம் என் மனச்சான்றுக்கும் வசதியாகவே இருந்தது.

என் வீட்டுச் சுவரில் அந்தக் கொக்கு அழிந்த பின், தனியே மண்டகப்பட்டுக்குச் சென்று அப்பாறையின் முன் அமர்ந்தேன். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. கட்டுமானப் பொருள்களுள் எவை இல்லை என்று கல்வெட்டு சொல்கிறது. கருவியும் இல்லை என்று அது சொல்லவில்லை. அப்பாறை நகத்தால் குடையப்பட்டதன்று. இரும்பு உளி இருந்தது. அதை அடிக்கடி தீட்டித் தரக் கொல்லன் இருந்தான். சிற்பிகளுக்குச் சோறு இருந்தது. நாளும் மாதமும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த இடத்தில் அடித்தால் கல் எப்படிப் பிளக்கும் என்று இளையவனுக்குச் சொல்லித்தரும் மூத்தவன் இருந்தான். மரத்தில் செய்யக் கற்றதைக் கல்லில் செய்துகாட்டிய கை, தலைமுறை தலைமுறையாகப் பயின்ற கை. இவற்றுக்கெல்லாம் பொருள் கொடுத்தவன் அரசன்.

பொருள் குறைந்தாலும் கலை பிழைத்துக்கொள்ளும் என்பதை நானும் ஒப்புகிறேன். சிமெண்டுப் பைத் தாளிலும் அடுப்புக்கரியிலும் என் பள்ளியிலேயே அதைக் கண்டேன். ஆனால், ஆசான் போன மறுவாரமே அந்தக் கரி வெறுங் கரியாகிவிட்டது. வண்ணப்பெட்டி வாங்கப் பணம் இல்லை என்பது சிறிய இழப்பு. ஆசிரியருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதுதான் பெரிய இழப்பு.

மறைநூல் கூறுவதும் இதுவே. பாலைநிலத்தில் சந்திப்புக் கூடாரம் அமைக்க ஆண்டவர் ஊரியின் மகன் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்தார்; பொன்னிலும் வெள்ளியிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் பொருட்டு அவரை இறை ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில் படிக்கிறோம். கைவினைஞன் ஒருவன் இறை ஆவியால் நிரப்பப்பட்டான் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 35-ஆம் அதிகாரம் இன்னும் ஒன்று சொல்கிறது: பிறர்க்குக் கற்பிக்கும் ஆற்றலையும் ஆண்டவர் அவருக்கு அருளினார். அதற்கடுத்த அதிகாரத்தில், வேலைக்கு வேண்டியதைவிட மிகுதியாக மக்கள் காணிக்கை கொண்டுவந்ததால், இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே ஆணையிடும் காட்சி வருகிறது. அடிமை நாட்டிலிருந்து வெளியேறி வந்த ஏழை மக்கள் அவர்கள்! பணம் இல்லை என்று அவர்கள் சொல்லியிருந்தால் யார் குறை கூறியிருப்பார்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இளமையில் நாடக மேடையேறியவர், 1999-இல் உலகக் கலைஞர்க்கென்றே ஒரு மடல் எழுதினார். திருச்சிராப்பள்ளியில் கலைக்காவிரி என்னும் நுண்கலைக் கல்லூரியை நம் திருச்சபையே நடத்துகிறது. ஆகவே, கலை நமக்கு அயலானதன்று. ஆனால், கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பிள்ளை முதலில் ஆறாம் வகுப்பில் ஒரு கோடு இழுத்துப் பார்த்திருக்க வேண்டுமே!

நாம் செய்யக்கூடியது

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அக்குழுவே. நம் பங்குத் தாய்மார் பலர் அதில் உறுப்பினர். கழிப்பறையும் குடிநீரும் கேட்கும்போது, ஓவியத்திற்கும் இசைக்கும் ஆசிரியர் வேண்டும் என்று இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நம் மறைமாவட்டப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைக் கேட்ட பிறகு, "என் பிள்ளைக்கு இந்த வாரம் ஓவிய வகுப்பு நடந்ததா?" என்றும் கேளுங்கள். 1994-இல் ஒரே ஒரு தந்தை என்னிடம் அப்படிக் கேட்டிருந்தால், நான் மூன்றாவது விண்ணப்பத்தை எழுதியிருப்பேன்.

அந்த வெள்ளையடிக்கும் மனிதனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு சார்?" என்று திகைத்தான். பிறகு பங்குத் தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். "அவருக்கு மன்னிப்போடு வேலையும் கொடுப்போம்" என்றார் சாமி. இப்போது சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் பங்கு மண்டபத்தில் இருபது பிள்ளைகள் அவன் முன் அமர்ந்து வரைகிறார்கள். குடும்பங்கள் சேர்ந்து அவனுக்கு ஒரு நாள் கூலியைக் குறையாமல் கொடுக்கிறோம். இலவசத் தொண்டாக வேண்டாம் என்று நான்தான் வற்புறுத்தினேன்; படத்துக்கும் கூலி உண்டு என்று அவன் அறிய வேண்டும். பள்ளி செய்ய வேண்டியதற்கு இது ஈடாகாது என்பதை அறிவேன். இருபது பிள்ளைகள் போக, ஊரில் இன்னும் இருநூறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாக் குடிலின் பின்திரையை அப்பிள்ளைகளே வரைந்தார்கள். பெத்லகேம் குகையை எப்படி வரைவது என்று கேட்டதற்கு, "நீங்கள் பார்த்த குகையை வரையுங்கள்" என்றானாம் அவன். அவர்கள் பார்த்த குகை ஒன்றே ஒன்று. தடித்த தூண்களோடு, மண்டகப்பட்டுப் பாறையின் அடியில் திருக்குழந்தை படுத்திருந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் மக்கள் வரிசையில் நின்று முத்தி செய்தனர். நான் அத்திரையின் முன் நெடுநேரம் நின்றேன்.

நாசரேத்தில் தச்சுத் தொழில் பயின்ற நம் ஆண்டவரே, எம் பிள்ளைகளின் கைகளை நினைவுகூரும். அவற்றுக்குக் கற்பிக்க ஆசிரியரையும், அவ்வாசிரியரைப் போற்றும் மனத்தை எங்களுக்கும் தந்தருளும்.